பதினோரு விநாடி மௌனம்

என் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் என்னைத் தெளிவான ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தெளிவில் என் பங்கு கொஞ்சம்தான். மிச்சம் கத்திரியுடையது.

ஆறு வருஷமாக வாரத்துக்கு ஒருவரை எதிரில் உட்காரவைத்து பிளாக்செயின், கிரிப்டோ என்று பேசி இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனி தொடங்கியவர்கள் வருவார்கள். அந்தக் கம்பெனிக்கு நிரல் எழுதும் டெவலப்பர்கள் வருவார்கள். மருந்துப் பெட்டி எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்குப் போனது என்று பதிகிறவர் ஒருவர். பட்டப்படிப்புச் சான்றிதழில் போலியே இல்லாமல் செய்துவிடுவேன் என்று கிளம்பியவர் ஒருவர். நாய்க்குட்டிகளின் வம்சாவளியைப் பதிவதற்கென்றே ஒரு கம்பெனி நடத்தியவரும் வந்தார். அவர் நாயும் வந்தது. எல்லாரும் சொல்வது கடைசியில் ஒன்றுதான்: ஒரே நோட்டின் நகல் ஆயிரம் பேரிடம் இருக்கிறது, ஒருவர் எழுதினால் ஆயிரம் நோட்டிலும் ஏறும், எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. இதையே ஆளுக்கொரு சட்டை போட்டுக்கொண்டு வந்து சொல்வார்கள். நானும் முதல் தடவை கேட்கிறவன் மாதிரி தலையாட்டுவேன். அதுவும் ஒரு பிழைப்பு.

கத்திரி என்பது எங்கள் ஒலித்தொகுப்பாளருக்கு நான் வைத்த பெயர். பேசி முடித்தவர் கிளம்பிப் போன பிறகுதான் அவளுடைய உண்மையான வேலை தொடங்கும். ‘ம்ம்’, ‘வந்து’, எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது எல்லாம் போகும். மூச்சை மட்டும் அங்கங்கே விட்டுவைப்பாள். அதையும் எடுத்துவிட்டால் பேசுகிறவர் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிற மாதிரி கேட்பவருக்கு நெஞ்சை அடைக்கும் என்பாள். பதிவு செய்யும்போது அறையில் இருக்கும் ஃப்ரிட்ஜ் இரையும் என்று அதை அணைத்துவிட்டு, தன் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவாள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் திரும்ப ஃப்ரிட்ஜைப் போட மறக்கவும் முடியாது. அவள் மூளை அப்படித்தான் ஓடும்.

எனக்கு ‘அதாவது’ என்று ஒரு வியாதி உண்டு. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு ‘அதாவது’ விழும். திரையில் ஓடும் அலையைப் பார்த்தே, கேட்காமலேயே, இது சாரோட அதாவது என்று கண்டுபிடித்து எடுத்துவிடுவாள். ஒரு பிறந்தநாளுக்கு, வெட்டியதையெல்லாம் வரிசையாகக் கோத்து எனக்குப் போட்டுக்காட்டினாள். நாலு நிமிஷம் நான் அதாவது, அதாவது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

என் தரப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். யார் பேசினாலும் நடுவில் ஒரு விநாடிக்கு மேல் மௌனம் இருக்கக்கூடாது. கேட்கிறவன் பஸ்ஸில் போகிறான், சமைக்கிறான். நாம் நின்றால் அவன் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவான். எங்கள் தொழிலில் இதை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். சொல்லப்போனால் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

கத்திரிக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். அவளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அவருக்குக் கல்யாணம் என்ற பேச்சு எப்போதோ எழுந்து எப்போதோ அடங்கிவிட்டது. பஸ் போகிற சாலையை ஒட்டிய இரண்டு அறைகளில் இருவரும் இருந்தார்கள். வீட்டில் வைத்து வெட்டும் நாட்களில் ஹார்ன் சத்தம் கேட்காமல் இருக்க, துணி அலமாரியின் கதவைத் திறந்துவைத்து, புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு வேலை பார்ப்பதாக ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணனுக்கு வேலை பஸ்ஸில்தான். டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருஷம். கண்டக்டர்கள் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒருமுறை மழை என்று தங்கைக்குக் குடை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். உயரமான ஆள். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காருகிற ரகம். வாயைக் கிளறினேன்.

“டிக்கெட் எடுக்காதவனை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கேட்டாப் போதும் சார்.”

“கேட்டா சொல்லிடுவானா?”

“அவன் எங்க சொல்லப்போறான்? அவன் எடுத்துக்கற நேரம் சொல்லிடும். டிக்கெட் இருக்கறவன் கேட்ட உடனே பாக்கெட்டுல கையை விடுவான். இல்லாதவனுக்கு ஒரு நொடி ஆகும். என்ன சொல்லலாம்னு உள்ள தேடுவான் பாருங்க, அந்த நொடி. மூஞ்சியைக் கூடப் பாக்க வேணாம், காதுக்கே தெரியும்.”

“உண்மையிலேயே தொலைச்சவன்?”

“அவனும் திணறுவான். ஆனா அவன் பாக்கெட்டுல தேடுவான். அது வேற திணறல்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் பெருமையும் வந்தது. வாழ்க்கையில் தனக்கென்று அவர் வைத்திருந்த ஒரே பெருமை அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பணம், பதவி, பிள்ளைகுட்டி எதுவும் இல்லாத மனிதர். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றால், அவர் காதில் யாராலும் பூச்சுற்ற முடியாது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். “உங்க நிகழ்ச்சியை ஒரு வாரம் கூட விடாமக் கேக்கறேன் சார். பாதி புரியறதில்ல. ஆனா ஒண்ணு, வர்றவங்க எல்லாரும் டிக்கெட்டோட வர்றாங்க. ஒருத்தர் கூடத் திணறினதில்ல.”

நானும் கத்திரியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவளுக்கு வாயெல்லாம் பல். தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டாள். தங்கை ஒலியைச் சுத்தம் செய்கிறாள் என்றால் ஹார்னையும் இருமலையும் எடுக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆபீஸ் வேலையின் உள்விவரத்தை வீட்டில் யார் உட்கார்ந்து விளக்குகிறார்கள்? அவள் விளக்கவில்லை. அவரைத் திருத்த எனக்கும் தோன்றவில்லை. சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொடுத்தோம்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு டெவலப்பர் வந்தார். முப்பதுக்குள் இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவர் கம்பெனி பொதுமக்களின் கிரிப்டோவை வாங்கி வைத்துக்கொள்ளும், அது மாதாமாதம் வளரும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முக்கால்மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். நான் கேட்கவேண்டியதை நேராகவே கேட்டேன்: எல்லாரும் ஒரே நாளில் வந்து திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா?

அவர் பேசவில்லை. பதிவறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கத்திரியைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். அதற்குள் நான் தாளில் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார். “கொடுப்போம். நிரலையே அப்படித்தான் எழுதியிருக்கோம்.”

மறுநாள் காலை கத்திரி என் மேஜைக்கு வந்தாள்.

“சார், அந்தக் கேள்விக்கு அப்புறம் பதினோரு விநாடி இருக்கு. அதை மட்டும் அப்படியே வெச்சுடலாமா?”

“பதினோரு விநாடியா? கேக்கறவன் போன் கெட்டுப்போச்சுன்னு நெனைப்பான். எடுத்துடும்மா.”

“சரி சார்” என்று போய்விட்டாள். இவ்வளவுதான் நடந்தது. டீ ஆறிப்போகிறதே என்றுதான் அன்றைக்குக் கவலைப்பட்டேன்.

ஏழு மாதம் கழித்து அந்தக் கம்பெனி, பணம் எடுக்கும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தியிருப்பதாக ஒரு பக்க அறிக்கை வெளியிட்டது. அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. டெவலப்பர் எங்கே என்று தெரியவில்லை. அவர் தெரிந்தே பொய் சொன்னாரா, கம்பெனிக்காரர்கள் சொன்னதை நம்ப முயன்றுகொண்டிருந்தாரா, அதுவும் தெரியவில்லை. நான் பெரிய மனுஷன் மாதிரி அதைப்பற்றி ஒரு தனி நிகழ்ச்சி செய்தேன். எச்சரிக்கையாக இருங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னேன். அதையும் கத்திரிதான் வெட்டி ஒட்டிக்கொடுத்தாள். அதை முடித்து அனுப்பிய பிறகுதான் என்னிடம் வந்தாள்.

“அண்ணன் அதுல போட்டிருந்தாராம் சார். இருந்தது எல்லாத்தையும்.”

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தங்கைக்குச் சத்தமில்லாத ஒரு வீடு பார்த்துக்கொடுக்கவேண்டும், அவள் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை பார்க்கக்கூடாது என்று அவருக்கு ஓர் ஆசை. முன்கூட்டியே சொன்னால் வேண்டாம் என்பாள் என்று சொல்லாமல் போட்டிருக்கிறார்.

“யார் பேச்சைக் கேட்டுப் போட்டீங்கண்ணான்னு கேட்டேன் சார். யார் பேச்சையும் கேக்கலையாம். நம்ம நிகழ்ச்சியைத்தான் கேட்டாராம். ‘உங்க சார் நேராவே கேட்டாரேம்மா, எல்லாரும் ஒரே நாள்ல வந்தா கொடுப்பியான்னு. அந்தப் பையன் கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள கொடுப்போம்னான். டிக்கெட் இல்லாதவனுக்கு அந்த வேகம் வராதும்மா’ன்னு சொல்றார்.”

அவள் அழவில்லை. நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தை உண்டாக்கியவள் அவள். அண்ணன் உலகத்தில் எதை மட்டும் நம்பினாரோ, அதை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு மிச்சத்தை அவர் காதில் ஊற்றியிருக்கிறோம்.

பணத்தைப் பறிகொடுத்தவர்களை நான் இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். கத்துவார்கள், கடிதம் எழுதுவார்கள், வக்கீலைப் பிடிப்பார்கள். செக்கர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “என் காது போச்சும்மா” என்று மட்டும் சொன்னாராம். இத்தனை வருஷம் பொய்யைக் காதாலேயே பிடித்தவன், இதைப் பிடிக்காமல் விட்டேன் என்றால் என்னிடம் ஏதோ கழன்றுபோய்விட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

வேலைக்குப் போனார். ஆனால் பஸ்ஸில் கேள்வி கேட்டுவிட்டு, காதில் விழுந்தது சரிதானா என்று தயங்கி நின்றார். டிக்கெட் இல்லாதவர்களை விட்டுவிட்டார். ஒருநாள், டிக்கெட்டைக் குழந்தையின் கையில் கொடுத்துவைத்திருந்த ஒரு அம்மாவை எல்லார் முன்னாலும் கீழே இறக்கிவிட்டார். குழந்தை கையை விரித்துக் காட்டியதாம். அதற்குப் பிறகு லீவு எழுதிக்கொடுத்துவிட்டார். காது டாக்டரிடம் போனார். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் மூளைதான் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கடைக்குப் போனால்கூடத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். எவன் ஏமாற்றினாலும் தனக்குத் தெரியாது என்று பயம். ஐம்பத்தோரு வயதில் அவள் கண்ணெதிரே கிழவனாகிக்கொண்டிருந்தார்.

வெட்டாத மூலப்பதிவு கத்திரியிடம் இருந்தது. அதை அண்ணனுக்குப் போட்டுக்காட்டினால் அவர் பழைய ஆளாகிவிடுவார். அவர் காதில் பழுதில்லை, கேட்டதில்தான் பழுது என்று தெரிந்துவிடும். கூடவே அந்தப் பழுதைச் செய்தது யார் என்பதும் தெரிந்துவிடும். காட்டாமல் விட்டால் அண்ணன் பாசமாக இருப்பார், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற நினைப்போடு.

“சொல்லணுமா சார்?” என்று என்னைக் கேட்டாள்.

நான் கோழை. “கொஞ்ச நாள் போகட்டும்மா” என்றேன்.

அவள் ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு மூன்று நாள் ஆபீசுக்கு வரவில்லை. நாலாவது நாள் காலையில் வந்து, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, அன்றைய பதிவுக்கு மைக்குகளைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் போட்டுக் காமிச்சேன் சார். நீங்க கேட்ட கேள்விலேர்ந்து. முதல்ல சும்மா உக்காந்திருந்தார். மூணாவது நாலாவது விநாடில நிமிந்தார். ‘இவன்கிட்ட டிக்கெட் இல்லம்மா’ன்னார். அதுக்கப்புறமும் ஏழு விநாடி ஓடுச்சு. சிரிச்சுட்டார் சார். எத்தனை மாசம் ஆச்சு அவர் சிரிச்சுப் பாத்து. ‘பாரு, எனக்குக் கேக்குது. இது புதுசா எடுத்த பேட்டியா? அன்னைக்கு ஏன் இப்படி இல்ல’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“அன்னைக்கும் இப்படித்தாண்ணா இருந்துச்சு, நான்தான் வெட்டினேன்னு சொன்னேன்.”

அவள் மைக்கின் திருகை இறுக்கினாள். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

“வெட்டச் சொன்னது நான்தானே. அதைச் சொன்னியா?”

“இல்ல சார்.”

“ஏன்? நான் வர்றேன். இன்னைக்கே வந்து அவர்கிட்ட சொல்றேன்.”

“வேணாம் சார். அந்த ஒண்ணைத்தான் நீங்க சொல்லி வெட்டினேன். மத்ததெல்லாம் நீங்க சொல்லாமலே வெட்டினதுதானே.”

என் நாக்கு நுனியில் ஓர் ‘அதாவது’ வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இத்தனை பேரைக் கேள்வி கேட்டு மடக்கியவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“திட்டினாரா?” என்று கடைசியில் கேட்டேன்.

“திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ‘எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணியிருக்க’ன்னார். எல்லாருக்கும்னு சொன்னேன். அப்படியான்னுட்டு எழுந்து போய்க் கை கழுவினார். முன்னாடியே கழுவியிருந்தார்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே செக்கர் வேலைக்குப் போய்விட்டார். முதல் நாளே நாலு பேரைப் பிடித்தாராம். டிப்போவில் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று தோளில் தட்டினார்களாம். கடைக்குத் தனியாகப் போகிறார், காய்கறிக்காரனிடம் எடையைப் பற்றிச் சண்டை போடுகிறார். அடுத்த வாரம் அதையெல்லாம் கத்திரி உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். அவள் செய்த காரியம் பலித்துவிட்டது.

“அப்புறம் என்னம்மா? எல்லாம் சரியாத்தானே போகுது” என்றேன். நான் கேட்டதிலேயே முட்டாள்தனமான கேள்வி அது.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. நானும் இந்த முறை தாளைப் பார்க்கவில்லை.

“நல்லாத்தான் பேசறார் சார். கரண்ட் போயிடுச்சு, பால் வாங்கிட்டேன், நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும், எல்லாம் சொல்றார். ஆனா என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல. சாப்பிட்டியான்னு கூடக் கேக்கறதில்ல. சோத்துப் பாத்திரத்தைத் திறந்து, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அவரே பாத்துக்கறார்.”